ஏழாம் தட்டு

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நண்டுச் சதை பிரிக்கும் மண்டபத்தில் இருந்தவர்கள்: தோட்டவெளி அன்ரோனெற், அவளுக்கு எதிரே எருக்கலம்பிட்டி உம்மு குல்சூம், தராசடியில் நிறஞ்சலா, பின்வரிசையில் ஒன்பது பெண்கள். முதலாளி ஜெனிஸ்ரன் இன்னும் வரவில்லை.

அவித்த நண்டின் ஆவி கண்ணைக் கரித்தது. ஐஸ் தண்ணீரில் விரல்கள் விறைத்தன. ஓட்டை உடைத்து, கத்தி முனையால் சதையை இழுத்து, அவரவர் இலக்கமிட்ட தட்டில் சேர்க்க வேண்டும். சதைக்குள் ஓட்டுத் துண்டு கிடந்தால் இலக்கம் காட்டிக்கொடுக்கும்.

அன்ரோனெற்றுக்குப் பார்க்கின்சன் நோய். முதல் வருடம் ஒரு விரல் நடுங்கியது. மறு வருடம் கை. இப்போது கால். நாலு மணித்தியாலம் நடுக்கத்தை அடக்கிய குளிசை இப்போது இரண்டரையில் கைவிடுகிறது.

அவள் கை ஆடத் தொடங்கினால் உம்மு அவள் பிரித்த சதையைத் தன் ஏழாம் தட்டில் கொட்டி, விரலால் தடவி ஓடு பொறுக்குவாள். போன செவ்வாய்க்கிழமை வேலை குவிந்ததில் தடவ மறந்துவிட்டாள்.

ஜெனிஸ்ரன் வந்தான். உள்ளங்கையில் ஓட்டுத் துண்டு.

"ஏழாம் தட்டு. கொழும்பில திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். உம்மு, நாளையில இருந்து நீர் வர வேண்டாம்."

உம்மு கத்தியைத் துடைத்து வைத்தாள். உண்மையைச் சொன்னால் அன்ரோனெற்றுக்கு இந்த வேலை போகும். இந்தக் கைக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

"அது நான் பிரிச்ச சதை, தம்பி. எனக்கு நடுக்க வருத்தம்."

"அப்ப வீட்டை இருங்கோ அக்கா. இது ஆஸ்பத்திரி இல்லை."

"அக்காவைத் தராசடிக்கு மாத்துங்கோ, முதலாளி," என்றாள் உம்மு.

"அங்கை நிறஞ்சலா நிக்கிறா."

"நான் நண்டு உடைக்கிறன்," என்றாள் நிறஞ்சலா.

"நான் மாட்டன் எண்டால்?" என்றான் ஜெனிஸ்ரன்.

"உங்கட கை மணிக்கூட்டைக் கழட்டிப்போட்டு வந்து நீங்களே உடையுங்கோ," என்றாள் நிறஞ்சலா.

பின்வரிசையில் கத்திகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன.

"மூண்டு பேரும் கந்தோருக்கு வாங்கோ," என்று அவன் தன் அலுவலக அறையை நோக்கி முன்னால் நடந்தான்.

கந்தோர் வாசலில் அன்ரோனெற்றின் கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. எவ்வளவு உந்தியும் அசையவில்லை. முதுகில் வேர்த்தது. அவன் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

உம்மு தன் பாதத்தை அவளுக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். சமதரையில் நின்றுபோகும் அக்கா, பஸ் படியில் தடங்கலில்லாமல் ஏறுவதை அவள் கவனித்திருந்தாள்.

"என்ர காலைத் தாண்டுங்கோ அக்கா."

தாண்டினாள். பின்னால் ஒன்பது பேரும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று கதிரைகள் இருந்தன, ஒருத்தியும் அவற்றில் உட்காரவில்லை. அன்ரோனெற்றுக்குப் பயம் விடவில்லை. ஆடிய கையை மேசையில் எல்லோரும் பார்க்க வைத்தாள்.

கடைசியாக நுழைந்தவள் தனக்குப் பின்னால் கதவைச் சாத்தி, பூட்டில் தொங்கிய திறப்பைத் திருப்பிப் பூட்டினாள்.