டிராலி போகும் வழி

“படியே கிடையாது” என்று சொல்பவர்களை அவள் நம்புவதை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கால் நன்றாக இருப்பவர்களின் கண்ணுக்கு ஒற்றைப் படி தெரிவதில்லை என்பது அவளுடைய முடிவு. பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்த பிறகு சென்ற முதல் பயணத்தில், படியே இல்லை என்று சத்தியம் செய்த விடுதியின் வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு படி இருந்தது. நான்கு ஆட்கள் கூடி, சக்கர நாற்காலியோடு அவளை அலமாரியைப்போல் தூக்கினார்கள். “பார்த்துப்பா, ஒரு பக்கம் சாயுது” என்றான் ஒருவன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் காலையே வீடு திரும்பியவள், இனி எங்கும் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய கணவர் முப்பது ஆண்டுகள் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். நாள் முழுவதும் ஊர்களைக் கடந்தும் எந்த ஊரிலும் இறங்காதவர். ஓய்வு பெற்றபின் அவளோடு உட்கார்ந்து கடல் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்னொரு முறை அவளை யாராவது தூக்கினால் அந்த ஆசைக்கு அன்றோடு முழுக்கு என்பது இருவருக்குமே தெரியும்.

“கடலோரமா ஒரு விடுதி. வயசானவங்களுக்கு ரொம்ப வசதியாம். மக தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்கா” என்றார் அவர், செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே.

“படி?”

“இல்லவே இல்லைங்கறார் மேனேஜர்.”

“போன தடவ சொன்னவரும் அதைத்தான் சொன்னார்.”

“அவர் வேற, இவர் வேறம்மா.”

“ஆள்தான் வேற. படி ஒண்ணுதான். போனை இங்க குடுங்க.”

பெரிய மருத்துவமனை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் துணிக்கிடங்கின் பொறுப்பில் இருந்தவள் அவள். ஒரு கட்டடத்தின் தரையை, அதை வரைந்த பொறியாளரைவிட, ஈரத்துணி நிரம்பிய டிராலியை அதில் தள்ளுகிறவர் நன்றாக அறிவார் என்பது அங்கே அவள் கற்றது.

“உங்க விடுதியில துணி டிராலி தள்றது யாரு? அவங்ககிட்ட குடுங்க” என்றாள்.

“துணியைப் பத்தி ஏதாவது புகாராம்மா?” என்றார் மேலாளர்.

“நான் இன்னும் வரவே இல்லையே.”

சிறிது நேரம் கழித்து, மூச்சிரைக்க ஒரு பெண்குரல் வந்தது. “சொல்லுங்கம்மா. படியெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா.”

“நான் படியைக் கேக்கல. டிராலி நிறையத் துணியோட, தனி ஆளா, நீங்க எந்த வழியாப் போவீங்க? எந்த வழியாப் போகமாட்டீங்க?”

“முன்வாசல் பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டேன். அங்க ஒரு படி இருக்கு.”

“இப்பதான் இல்லைன்னீங்க.”

“அது ஆளுங்களுக்குப் படி இல்லைம்மா” என்றாள் அந்தப் பெண், சங்கடமே இல்லாமல். “டிராலிக்குத்தான் படி.”

இத்தனை நாளில் உண்மை பேசிய முதல் ஆள் இவள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்து, பேனாவை எடுத்துக்கொண்டாள். சமையலறைப் பக்கத்துக் கதவில் சரிவுப்பாதை. அங்கிருந்து பத்தடியில் தரை வெடித்திருக்கிறது, குலுங்கும், ஆனால் சக்கரம் மாட்டாது. ஏழாம் அறையின் கதவுநிலையில் அடிச்சட்டம் தடுக்கும், ஒன்பதில் தடுக்காது. டிராலியின் அகலம் அந்தப் பெண்ணின் கையால் நான்கு சாண். நாற்காலி மூன்றுதான்.

“கடல் பார்க்க மேடை போட்டிருக்காங்களாமே?”

“அதுக்கு மூணு படி. டிராலி ஏறாது, அதனால நானும் ஏறினதில்லை.”

“அப்ப நீங்க கடலை எங்கிருந்து பார்ப்பீங்க?”

“துணி காயப்போடுற இடத்துலேருந்துதான்.”

அதையும் எழுதிக்கொண்டாள். பட்டியலைப் படித்த கண்டக்டர் மோவாயைத் தடவினார். “சமையலறை வழியாப் போனா நம்மளைக் காய்கறின்னு நினைச்சுடப் போறாங்க.”

“‘பின்னாடி ஏறு, பின்னாடி ஏறு’ன்னு எத்தனை பேரை விரட்டியிருப்பீங்க. நீங்களும் ஒரு தடவ ஏறிப் பாருங்க.”

சம்மதித்துவிட்டாளே தவிர, வாடகைக் காரின் ஓட்டுநரிடம், போய்ச் சேர்ந்த மறுநாள் காலை எட்டு மணிக்கே வீடு திரும்ப வந்து நிற்கும்படி அவள் தனியாகச் சொல்லி வைத்திருந்தாள். கணவர் அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்தார்.

கார் நேராக விடுதியின் முன்வாசலில் போய் நின்றது. மேலாளர் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், சட்டைக் கையை மடித்துவிட்ட நான்கு ஆட்கள் நின்றார்கள்.

“கவலையே வேண்டாம்மா. நம்ம பசங்க பூ மாதிரி தூக்கிடுவாங்க.”

நால்வரில் ஒருவர் கார்க் கதவின் பிடியில் கைவைத்தார். வலக்கையால் இருக்கையைப் பற்றிக்கொண்டு, ‘வீட்டுக்குத் திருப்புங்க’ என்று சொல்ல அவள் வாய் திறப்பதற்குள், முன்னிருக்கையிலிருந்து காதைத் துளைக்கும் இரண்டு விசில்கள் எழுந்தன.

“போலாம் ரைட்” என்றார் கண்டக்டர், நாக்கின் அடியிலிருந்து விரல்களை எடுத்துவிட்டு. “இங்க ஸ்டாப்பிங் இல்லை. பின்வாசலுக்கு விடுப்பா.”

பிடித்த கையை அந்த ஆள் எடுத்துவிட்டார். கார் நகர்ந்தது.

பின்வாசலில், தன் டிராலியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, குள்ளமாக, தோளில் துண்டோடு நின்றிருந்தாள் போனில் பேசிய பெண். “வாங்கக்கா” என்றாள். பார்த்தவுடன் அம்மா அக்காவாகிவிட்டது. கணவரின் தோளைப் பற்றி அவள் சக்கர நாற்காலிக்கு மாறியதும், அந்தப் பெண் யாரையும் தொடவிடாமல் தானே அதைப் பிடித்து, சரிவில் ஏற்றினாள். சோப்பு மணம் வந்தது. “இப்பக் குலுங்கும்” என்றாள், குலுங்கியது. ஏழாம் அறை வந்தது, போனது. ஒன்பதாம் அறையின் நிலையை முன்சக்கரம் கடந்தபோது அதன் ஓசைகூட மாறவில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு எதுவும் நடக்கவில்லை.

மாலையில் துணி காயும் முற்றத்துக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார் கணவர். சமதளமான தரை. இரண்டு வரிசை வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே கடல் முழுதாகத் தெரிந்தது. மேலாளர் தாமே தேநீர் கொண்டுவந்து, கையைப் பிசைந்தார். “இந்தப் பக்கம் விருந்தாளிங்க வரமாட்டாங்கம்மா.”

“டிராலி வருதில்லையா? அது போதும்.”

மேலாளர் போனபின் இருவரும் கடலைப் பார்த்தார்கள். ஒரு பெரிய அலை உடைந்ததும் கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார், தாம்தான் அதை வரவழைத்ததுபோல்.

பக்கத்தில் அந்தப் பெண் உலர்ந்த விரிப்புகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஓரமும் ஓரமும் சேரவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க, துணிக்கிடங்கை நடத்தியவளால் முடியவில்லை.

“அந்த முனையை இப்படிக் குடு” என்று வலக்கையை நீட்டினாள். மறுமுனையைப் பெண் பிடித்தாள். விரிப்பு விறைத்து நேரானது.

“என்னங்க, டிரைவருக்குப் போன் பண்ணுங்க. காலையில வரவேண்டாம்.”

“எப்ப வரச் சொல்ல?” என்றார் அவர், போனை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தார்.

அவள் கொடியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த விரிப்புகளைப் பார்த்தாள். “இவ ஓரம் சேர்த்து மடிக்கக் கத்துக்கிட்டதும்.”

“அப்ப ஒரு மாசம் ஆகும்க்கா” என்றாள் அந்தப் பெண்.