பாடாமல் கடக்கும் வீடு

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்தில் பிறந்தது. பர்மாவில், யாங்கூன் நகரத்து இன்சீனில் எங்கள் சபை மண்டபத்தில் மாலைத் தமிழ் வகுப்பு நடக்கிறது. பாடம் எடுப்பவர் மார்த்தா டீச்சர், எங்கள் போதகர் அருள்ஜோதி ஐயாவின் மனைவி. "கிறிஸ்மஸ் மாசத்துல ஒரு வீடு. தினம் கொஞ்சம் டைரி எழுதுங்க, கடைசியில அதைக் கதையாக்குங்க" என்றார். பண்டிகைப் பலகாரம் செய்ய உதவிக்குப் போய்வருவதால் எனக்கு நன்றாகத் தெரிந்த வீடு அவருடையதுதான். அதையே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே, வாசகரே, நீங்கள் இரண்டாவது ஆள். இதை முதலில் படிக்கப்போகிறவர் இதற்குள்ளேயே இருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: "டிசம்பர் பிறந்தது. யாங்கூன் நகரம் குளிரில் நடுங்க" [இந்த ஊர்க் குளிருக்கு யாரும் நடுங்கியதில்லை. விட்டுவிட்டேன்.]

இரண்டாவது: "போதகரின் மகன் பிரேம்நாத் ஏப்ரல் மாதம் வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கியபோது, படைக்கு ஆள் எடுப்பவர்கள்" [இதை முடிக்க மாட்டேன். எங்கள் ஊரில் இதை முடித்துச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்கு மட்டும்: கொண்டுபோனார்கள். வயது இருபத்திரண்டு. ஜூனில் யாருடைய போனிலிருந்தோ ஒருமுறை பேசினான், சாப்பிட்டேன் என்றான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.]

மூன்றாவது தொடக்கம் அடுப்படியில். அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மார்த்தா டீச்சர் அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் இருந்த நேரத்தில் மாவை அரைத்து வைத்து, அது போன பிறகு கரியடுப்பில் எண்ணெய் காய வைத்திருந்தார். மகள் ஷீபா கிறிஸ்மஸ் நாடகத்துக்கான தேவதூதன் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேச்சு மட்டும் பர்மிய மொழியில்தான் வரும். "பயப்படாதிருங்கள்" என்பதில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தாள்.

"பயந்துக்கிட்டே சொல்றியே. மேய்ப்பர்கள் ஓடிடுவாங்கடி" என்றார் டீச்சர்.

போதகர் பிரசங்கக் குறிப்போடு உள்ளே வந்தார். பண்டிகைத் துணிகள் நாற்காலியில் இருந்தன. மேலே இருந்த நீல லோன்ஜியைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்குத்தான் ஒண்ணு எடுத்தாச்சே?"

"இவ்வளவு நல்ல கலரை உங்களுக்கு எடுப்பேனா?"

ஷீபா சிரித்தாள். போதகரும் சிரிக்கப் பார்த்தார்.

"சட்டை எடுக்கலையா?"

"மெலிஞ்சிருப்பான், அளவு தெரியாது. லோன்ஜிக்கு அளவு கிடையாதே, சுத்திக் கட்டிக்க வேண்டியதுதான்."

அவர் லோன்ஜியைப் பழைய மடிப்பிலேயே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.*

* இங்கே "அவர் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். நான் பார்த்தது முதுகைத்தான். எடுத்துவிட்டேன்.

4

இனி ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

கிறிஸ்மஸுக்கு முன் எங்கள் சபையார் போதகரோடு வீடு வீடாகக் கேரல் பாடப் போவோம். ஒரு வீட்டில் அந்த வருஷம் சாவு விழுந்திருந்தால் அங்கே பாட மாட்டோம். வாசல் வந்ததும் கிடாரை நிறுத்தி, மௌனமாகக் கடந்துவிடுவோம். துக்கத்துக்கு நாங்கள் செய்கிற மரியாதை அது. கடைசி வீடு எப்போதும் போதகர் வீடு. பலகாரம் அங்கேதான்.

இருட்டிய பிறகு கூட்டமாக நடக்க முடியாததால் இப்போதெல்லாம் பகலில் போகிறோம். காகித நட்சத்திரம் கட்டிய மூங்கில் என் கையில் இருந்தது.

"இந்த வெயில்ல பாலனைத் தேடி வந்திருந்தா சாஸ்திரிகள் பாதி வழியிலேயே திரும்பியிருப்பாங்க" என்றார் மோகன் அண்ணன். பாடகர் குழுத் தலைவர், கிடாரும் அவர்தான்.

போதகர் வீட்டுத் தெரு முனையில் மோகன் அண்ணன் நின்றார்.

"ஐயா, நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். இந்த வருஷம் உங்க வீட்டுல பாட வேண்டாம். அம்மா மனசு தாங்காது."

போதகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சரி, மோகன்."

மோகன் அண்ணன் கிடார் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்தார். கோயிலுக்குத் திரும்ப அந்தத் தெரு ஒன்றுதான் வழி. யாரும் பேசாமல் நடந்தோம். பாதித் தெருவில்தான், இந்த நடைக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கு உறைத்தது. மற்றவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் கால்கள் நிற்கவில்லை.

5

போதகர் ஏன் "சரி" என்றார்? இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

களைப்பாக இருந்திருக்கலாம். அல்லது அவருக்கு ஏதோ தெரிந்திருக்கலாம். இரண்டாவதற்கு ஒரு பக்கமே எழுதினேன்: ஜெபக் கூட்டத்துக்காக மாவ்பி ஊருக்குப் போன இடத்தில் ஒருவர் அவரைத் தனியே அழைத்து, பிரேம் இருந்த அணியைப் பற்றி [இங்கே நிறுத்திப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அப்படி ஒருவர் இல்லை, நானே உண்டாக்கியவர். படிக்கிறவர் அவரை நம்பிவிட்டால்?] எழுதியது நடந்ததுபோல் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே மார்த்தா டீச்சர்தான். நன்றாக எழுதிவிடுவேனோ என்று நான் பயந்தது அன்றைக்கு மட்டுமே.

மூன்றாவதும் உண்டு. எத்தனையோ வாசல்களை மௌனமாகக் கடந்த மனிதருக்கு, தன் வீடும் அப்படி ஒரு வீடாகிவிடும் என்பது அந்த நிமிஷம் தோன்றவில்லை. வகுப்பு உள்ள நாட்களில், டீச்சரைப் பார்க்கும்போது, இதை நம்புகிறேன். மற்ற நாட்களில் முடிவதில்லை.

6

வாசல் திறந்திருந்தது. மார்த்தா டீச்சர் பட்டுச்சேலையில், கையில் பலகாரத் தட்டோடு நின்றார். பக்கத்தில் ஷீபா. பாட்டில்லாமல் வருகிற கூட்டத்தை இருவரும் பார்த்தார்கள். நட்சத்திரம் என்னிடம் இருந்ததால் அவர்களை முதலில் கடந்தது நான்.

"மோகன்."

எல்லாரும் நின்றோம்.

"எங்க வீட்ல யாரு செத்தா?"

"ஐயோ அம்மா, அப்படியெல்லாம் இல்லம்மா. கஷ்டத்துல இருக்கீங்களேன்னுதான்..."

"கஷ்டத்துக்குப் பாட்டை நிறுத்துவாங்களா? உன் வீட்டுக் கூரை காத்துல பறந்த வருஷம் வந்து பாடலையா நாங்க? ஒரு கையால தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு நீயும்தானே பாடினே?"

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள்.

"சாவுக்குத்தான் நிறுத்துவோம். யாரு வந்து சொன்னா உங்களுக்கு?"

போதகர் சம்மதித்தார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாரும் அவரைப் பார்த்தோம். எங்களைப் பார்த்து டீச்சரும் அவர் பக்கம் திரும்பினார்.

"பாடுங்க" என்றார் போதகர், எங்களிடம்.

பாடினோம். மோகன் அண்ணன் விரல்கள் இரண்டு இடத்தில் தவறின. எல்லாச் சரணங்களையும் பாடி முடித்தோம்.

ஒவ்வொரு வீட்டிலும் பாடிய பின் போதகர் அந்த வீட்டாரின் பெயர்களைக் கேட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார். தன் வீட்டிலும் கேட்பார். "அருள்ஜோதின்னு ஒருத்தர் இருக்கார், அவருக்குத்தான் ஜெபம் ரொம்பத் தேவை" என்பார் டீச்சர். நாங்கள் சிரிப்போம்.

இந்த முறை அவர் கேட்டபோது டீச்சர் தட்டை ஷீபாவிடம் கொடுத்தார்.

"நீங்களே சொல்லுங்க. பேரு தெரியும்ல?"

கண்களை மூடினோம்.

"ஆண்டவரே, இந்த வீட்டில் இருக்கிற மார்த்தாவுக்காக," என்று தொடங்கினார். "ஷீபாவுக்காக."

நிறுத்தினார்.

7

இதற்கு மேல் மூன்று முறை எழுதினேன்.

ஒன்றில் அவர் பெயரைச் சொன்னார், குரல் தெருவெல்லாம் கேட்டது. [அவர் குரல் அவ்வளவு தூரம் போகாது.] இன்னொன்றில் ஆமென் என்றார். எழுதிவிட்டு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாவதில், ஷீபா தன் அண்ணனைப் பர்மிய மொழியில் "கோகோ" என்று கூப்பிட்டாள். [ரொம்ப அழகாக இருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன்.]

நடந்தது எனக்குத் தெரியும். அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும், டீச்சருக்கும்தான். ஆனால் காதால் கேட்டதைத் தன் மாணவியின் கையெழுத்தில் வாசிப்பது வேறு. பெயரைச் சொன்னார் என்று எழுதினால், அதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று டீச்சர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லவில்லை என்று என்னால் எழுத முடியாது.

எனவே இங்கேயே நிறுத்துகிறேன். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறோம். போதகர் மூச்சை உள்ளே இழுத்துவிட்டார். இனி வர வேண்டியது ஒரு பெயர், இல்லையென்றால் ஆமென். நீங்கள் அந்தத் தெருவில் நின்றதில்லை, பிரேமைப் பார்த்ததும் இல்லை. அதனால் உங்களுக்கு ஒருவேளை வாய் வரலாம். சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.