நான்காவது விலா

"டிபென்டன்டா? நான் உனக்கு டிபென்டன்டா?"

பிரஷாந்தின் கால் இரண்டாம் முறையும் அவள் விலாவில் அதே இடத்தில் விழுந்தது. கிருஷ்ணவேணி சமையலறைத் தரையில் சுருண்டுகொண்டாள். மேசைமேல் மடிக்கணினியில் ஆஸ்திரேலிய விசா பாரம் திறந்து கிடந்தது. முதன்மை விண்ணப்பதாரர் அவள். அவளைச் சார்ந்து வரும் 'டிபென்டன்ட்', கணவர். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் எழுந்து வந்திருந்தான்.

மலேசியாவில், மலாக்காவை அடுத்த பத்து பெரண்டாம் என்ற ஊரில், ஒரு கணினிச் சிப் ஆலையில் பதினோரு வருடமாக இன்ஜினியர் அவள். அவளைப் போன்றவர்களை இப்போது நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடுகின்றன. சிங்கப்பூர் கூப்பிட்டது, ஜெர்மனி கூப்பிட்டது. கடைசியில் மெல்பர்ன் கம்பெனி ஒன்று, வீடியோவில் நேர்காணல் முடிந்த மறுநாளே வேலையைக் கொடுத்து, குடும்பத்தோடு வரலாம் என்றது. பாவம், குடும்பம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிரஷாந்துக்கு எந்த வேலையும் ஆறு மாதம் தாங்காது. ஆனால் ஆஸ்திரேலியா வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். அந்த வீட்டு ஆண்பிள்ளை பெண்டாட்டியின் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போவதா என்ற ரோஷமும் வேண்டும். மகா கெட்டிக்காரன், முகத்தில் மட்டும் கை வைக்க மாட்டான். ஆபீசில் கேட்பார்கள், காமிராவில் தெரியும்.

"போதும்டா, திங்கக்கிழமை மெடிக்கல் இருக்கு லா," என்றாள் கதவோரம் நின்ற அவன் அம்மா கஜலட்சுமி. பிறகு மருமகளிடம் குனிந்தாள். "எழும்பு பிள்ளை. ஆம்பிளைன்னா கோவம் வரத்தான் செய்யும். யாரும் கேட்டா பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொல்லு."

நம் வீடுகளில் இப்படி வழுக்கி விழுந்த பெண்களுக்கெல்லாம் நியாயம் கேட்பதென்றால், நாட்டிலுள்ள குளியலறைகளை எல்லாம் ஜெயிலில் போட வேண்டும்.

விசாவுக்குக் காசநோய் இல்லை என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை காலை மூவரும் மலாக்கா டவுன் கிளினிக்குக்குப் போனார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது கிருஷ்ணவேணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. டாக்டர் ஜானகியின் அறைக்குள் கஜலட்சுமியும் கூடவே நுழைந்தாள்.

டாக்டர் திரையைப் பார்த்தார். "லங்ஸ் கிளியர். விசாவுக்கு அது போதும். ஆனா விலா எலும்பு நாலு உடைஞ்சிருக்கு. மூணு பழசு, தானா சேர்ந்திருக்கு. இது புதுசு. எப்படி ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டா டாக்டர்," என்றாள் கஜலட்சுமி.

"நாலு தடவையா ஆண்ட்டி?"

"அவளுக்குக் கவனம் பத்தாது."

கிருஷ்ணவேணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்புகளை எக்ஸ்ரேயில் வைத்து மயிரிழை விரிசலையும் கண்டுபிடிப்பதுதான் ஆலையில் அவள் வேலை. அதற்காகத்தான் உலகம் அவளைக் கூப்பிட்டது. ஒவ்வொரு விரிசலுக்கும் காரணம் எழுதாமல் அவள் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை. தன் நெஞ்சுக்குள் இத்தனை கிடந்தது அவளுக்கே தெரியவில்லை.

எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாள்.

"இது நான் சீனியர் இன்ஜினியர் ஆன அன்னிக்கு. இது பினாங்குல டிரெயினிங் முடிச்சு வந்தப்ப. இது கம்பெனில எனக்கு அவார்ட் குடுத்ததுக்கு. இது சனிக்கிழமை, அவர் பேரை எனக்குக் கீழ எழுதினதுக்கு. நாலும் என் புருஷன் உதைச்சது டாக்டர்."

"வாயை மூடு பிள்ளை!"

"நீங்க வெளிய இருங்க ஆண்ட்டி," என்றார் டாக்டர். பேனாவை எடுத்தார். "நான் லெட்டர் தர்றேன். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. போலீஸ் ரிப்போர்ட் அங்கேயே எடுப்பாங்க."

கடிதத்தோடு அவள் வெளியே வந்தபோது நர்ஸ் அழைத்தாள். "பிரஷாந்த்? எக்ஸ்ரே."

அவன் எழுந்தான்.

"அவருக்கு வேணாம் சிஸ்டர். ஆஸ்திரேலியாவுக்கு நான் மட்டும்தான் போறேன்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து முகத்தைக் கவுண்டரில் மோதினான். ரத்தம் பாரங்கள்மேல் தெறித்தது. மறுபடி மோதினான். காவலாளியும் இன்னும் இருவரும் அவனைப் பிய்த்து இழுத்துச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்கள்.

பிரஷர் மாத்திரைக்கு வந்திருந்த சிவசாமி எழுந்து வந்தார். கோயில் கமிட்டிக்காரர், மகளுக்கு வரன் தேடி ஊரெல்லாம் ஜாதகம் கொடுத்துக்கொண்டிருப்பவர். அவனை ஒன்றும் கேட்காமல் அவளிடம் வந்தார்.

"என்னம்மா இது? பத்துப் பேர் பார்க்க... தாலி கட்டின புருஷனை இப்படியா விட்டுட்டுப் போவாங்க? நல்ல குடும்பத்துப் பையன்மா."

கிருஷ்ணவேணி உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"உங்க மகளுக்கு மாப்பிள்ளை தேடுறீங்கதானே அங்கிள்? இவரையே எடுத்துக்குங்க லா."

சிவசாமி திரும்பிப் பிரஷாந்தைப் பார்த்தார். பிறகு அவனைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.