நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

மாலை நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவிலிருந்த ஒரு மணி நேரத்தை அந்த ஊர் பொதுவாக்கெடுப்பு நடத்தி ஒழித்தது. மறுநாளே அது அமலுக்கு வந்தது. நாலு அடித்தால் உடனே ஐந்து. நாலு மணிக்கு ஒரு வாக்கியத்தைத் தொடங்கியவர் ஐந்து மணிக்கு அதை முடிப்பார், நடுவில் மூச்சுக்கூட வாங்கியிருக்க மாட்டார். நிழல்கள் மட்டும் ஒரு தாவு தாவி எதிர்ச் சுவருக்குப் போயிருக்கும். முதல் வாரம் சிலருக்குத் தலை சுற்றியது. பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த ஊரில் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. நகரசபையைக் கலைத்துவிடலாமா என்று நகரசபையே அசட்டுத் துணிச்சலில் ஒருமுறை கேட்டு வைக்க, மக்கள் கலைக்கலாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மண்டபத்தில் கூடினார்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தகர டப்பாக்களில் ஒன்றில் ஆளுக்கொரு கோலிக்குண்டைப் போட்டு எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்தார்கள். முடிவு செய்தது நடந்தது. கொசு இரண்டாம் மாடிக்கு மேல் வரக்கூடாது என்றார்கள், வரவில்லை. கிழக்குத் தெருவில் கண் கூசுகிறது என்று நிலாவைத் தாமதமாக எழச் சொன்னார்கள், அதுவும் கேட்டுக்கொண்டது. காற்றை நிறுத்தும் தீர்மானம் மயிரிழையில் ஜெயித்ததால் காற்று பாதிதான் நின்றது, துணி காய இரண்டு நாள் ஆனது. ஆமாம் என்று ஒரு டப்பா, இல்லை என்று ஒரு டப்பா. ஏன் என்று கேட்க மூன்றாவதாக ஒரு டப்பா வைக்கலாமா என்ற யோசனையும் வந்தது. அதையும் ஓட்டுக்கு விட்டுத் தோற்கடித்தார்கள்.

ஒரே ஒரு மரியாதையை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுத்ததில்லை. முடிவு அறிவித்ததும் தோற்றவர்கள் எழுந்து முன்னால் வந்து, "எனக்கும் சம்மதம்" என்று சொல்ல வேண்டும். ஜெயித்தவர்கள் கை தட்டுவார்கள். வெகு காலத்துக்கு முன்னால் ஒரு பாலத்தைப் பற்றிய வாக்கெடுப்பில் மண்டை உடைந்த பிறகு வந்த ஏற்பாடு அது. தோற்றவனும் ஜெயித்தவனும் ஒரே வழியாக வீட்டுக்குப் போகலாம், யார் முகத்திலும் வாட்டம் இருக்காது. சம்மதம் சொல்லாமல் யாராவது போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் அப்படிப் போனதில்லை.

நாலு மணியை ஒழிக்கச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர். தலைவலி மாத்திரை அந்த நேரத்தில்தான் அதிகம் விற்கிறது, தூங்கவும் முடியாது, வேலையும் ஓடாது, வீட்டுக்குக் கிளம்பவும் முடியாது, எந்த நல்ல காரியமும் அதில் நடந்ததாகச் சரித்திரமில்லை என்று அவர் அடுக்கினார். தன் வியாபாரத்துக்கு நஷ்டம் வருகிற தீர்மானத்தைத் தானே கொண்டு வருகிறாரே என்று ஊருக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. மண்டபத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் ஆட்டவில்லை. இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனரைச் செருகியிருப்பதால் சின்னப் பிள்ளைகள் அவளை ஸ்பேனரக்கா என்று கூப்பிட்டார்கள், பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அவள் வீட்டுக் கணக்கு வேறு மாதிரி. அவள் விடியும் முன்பே வேலைக்குப் போகிறவள். புருஷன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரன், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வருவான், இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்து மணிக்குத் திரும்பிப் போவான். ராத்திரி அவன் வந்து படுக்கும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். இருவரும் விழித்த கண்ணோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது. அதில் அவர்கள் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. டீ குடித்தார்கள், ஆஸ்பத்திரி வம்பு பேசினார்கள், ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவள் இல்லை டப்பாவில் கோலியைப் போட்டாள். அவள் புருஷன் ஆமாம் டப்பாவில் போட்டான். அவனுக்கு அந்த நேரத்தின் மேல் கோபமெல்லாம் இல்லை. ஊரின் நாடி பிடித்துப் பார்த்து, ஜெயிக்கிற பக்கம் போடுவது அவன் வழக்கம். வாழ்க்கையில் ஒரு ஓட்டுக்கூடத் தோற்றதில்லை என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிக்கொண்டவன் அவன். "ஒரு மணி நேரம்தானே" என்றான். முடிவு அறிவிக்கும் முன்பே அவளுக்கு அழைப்பு வந்தது. கடைவீதிக் கட்டடத்தில் ஒரு கிழவர் அரிசி மூட்டையோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் திரும்பி வரும்போது தோற்ற நாலைந்து பேரும் சம்மதம் சொல்லி முடித்து, மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் நாலு அடித்தபோது புருஷன் எதிரே உட்கார்ந்து டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான். மணியோசை நிற்கும்போது நாற்காலி காலியாக இருந்தது, டம்ளர் மேசைமேல் இருந்தது. அவள் அறை அறையாகத் தேடினாள், தெருவுக்கு ஓடினாள். பேருந்துகள் ஓரமாக நின்றன, உள்ளே ஒருவரும் இல்லை. தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன, குழந்தைகள் இல்லை. பிள்ளைகள் பெற்றவர்களின் ஓட்டோடு போய்விடுவார்கள் என்பது பழைய விதி. ஓட்டில்லாத நாய்களும் காக்கைகளும் மட்டும் இருந்தன. வீட்டுக்கு வீடு அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் அவள் அழுவதைத் தள்ளிவைத்துவிட்டு, அத்தனையையும் அணைத்துக்கொண்டே போனாள். ஐந்து அடித்ததும் ஊர் திரும்பி வந்தது. அவள் வீட்டுக்குள் நுழையும்போது புருஷன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, "என்ன, இப்படி ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஏன் தனக்கு மட்டும் இப்படி என்று யோசிக்க அவளுக்கு நேரம் நிறையவே இருந்தது. சம்மதம் சொல்லாதது அவள் ஒருத்திதான், அதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. புருஷனிடம் சொன்னாள். "எனக்குக் காதுல பூ சுத்தாத" என்றான். அவன் கண் முன்னால் நிரூபிப்பதற்காக ஒருநாள் ஒரு கூடை வெங்காயத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் திரும்பி வந்தபோது மொத்தமும் உரித்துக் கிடந்தது. என் பெண்டாட்டிக்குக் கை எவ்வளவு வேகம் பாருங்கள் என்று ஆஸ்பத்திரி முழுவதும் பெருமையாகச் சொல்லிவிட்டான்.

வருஷங்கள் போயின. ஊரில் டீ சீக்கிரம் ஆறுகிறது என்று புகார் வந்து, தூள் வியாபாரிகளைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். லிஃப்டுகள் மட்டும் பழுதாகவே இல்லை, ஏனென்றால் ஆளில்லாத நேரத்தில் அவள் ஒவ்வொன்றையும் பிரித்து எண்ணெய் போட்டு மாட்டினாள். சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலிப் படுக்கைகளின் பக்கத்தில் கருவிகள் சத்தமிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாய்கள் அவளோடு நடந்தன, ஆனால் நாயிடம் எவ்வளவு நேரம் பேச முடியும். எல்லாரையும்விட அவளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அதிகம், அந்த அதிகம் முழுவதும் தனிமை. சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவளும் போய்விட்டால் அந்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள், புருஷனோடு அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இடம் அது. அதை எப்படிக் கொடுப்பது.

அவளைவிட மூத்தவனாகிய புருஷனுக்கு முன்பே அவளுக்கு நரைத்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தது வேறொன்றை. ஒருநாள் நாலு மணிக்கு அவன் சொன்ன எதற்கோ அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அடுத்த நொடியில் அவள் கண்கள் வீங்கி, மூக்கு சிவந்து, முகம் வேறாக இருந்தது. அவன் சமையல்காரன், அழுகையைப் பற்றி அவனுக்குத் தெரியும். வெங்காயத்துக்கு வருகிற கண்ணீர் உடனே காய்ந்துவிடும், முகம் இப்படி வீங்க ஒருவர் வெகுநேரம் அழுதிருக்க வேண்டும். அன்றைக்கு அவன் வேலைக்குப் போனான். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டான்.

அதே சமயம் அவளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தரலாமா என்று புது வாக்கெடுப்பு கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். கேட்டவுடன் எல்லாரும் போட்டார்கள், கையெழுத்து கேட்டு வந்தவரை வெறுங்கையாக அனுப்புவது அந்த ஊரில் அழகில்லை. ஆனால் போட்டுக்கொடுத்தவர்களே, அந்த நேரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். முதலாளிகள் அதையும் வேலை நேரத்தில் சேர்த்துவிடுவார்கள் என்றார் ஒருவர். அது எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டது என்றாள் அடுத்த வீட்டுக்காரி. மருந்துக்கடைக்காரர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, இருமல் மருந்துக்கு நின்றவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

மண்டபம் அன்றைக்கு நிறைந்திருந்தது. சபையை நடத்தியவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். திருப்பித் தரலாம் என்ற டப்பாவைக் கவிழ்த்தபோது கோலிகள் உருளும் சத்தம் உடனே நின்றுவிட்டது. "இரண்டு" என்றார். ஊர் லேசாகச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஒன்று அவளுடையது. இன்னொருவர் சம்மதம் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் போதும், நாளைக்கு நாலு மணிக்கு இந்த ஊரில் இரண்டு பேர் இருப்பார்கள். அது யாராக இருந்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்துவிட்டாள். உண்மையில் அவளுக்கு ஒரே ஒருவன்தான் வேண்டியிருந்தது. அவனைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

தோற்றவர்கள் வரலாம் என்று நடத்துநர் அழைத்தார். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அவள் புருஷன் எழுந்தான்.

வாழ்நாளில் ஒரு ஓட்டுத் தோற்காதவன் எல்லார் கண்ணிலும் பட நடுவழியாக நடந்து போனான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். பெண்டாட்டியோடு சேர்ந்து தோற்றேன் என்று ஊர் பார்க்கச் சொல்வதைவிடப் பெரிதாக அவளுக்குக் கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்று அவன் நினைத்தான். அதற்கு இருந்த ஒரே வழி அதுதான் என்றும் நினைத்தான். அவள் எத்தனை முறை சொல்லியிருந்தும், அந்த வார்த்தைதான் கதவு என்பது அந்த நிமிஷத்தில் அவன் தலையில் ஏறவில்லை. தோற்றுப் பழக்கமில்லாதவன், தோற்றவர்கள் செய்வதை அப்படியே செய்தான். அவள் எழுந்து கூப்பிட வாயெடுத்தாள். அவன் அவளைப் பார்த்தான், கல்யாணத்தன்றுகூட அவன் முகம் அவ்வளவு மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் சம்மதம்" என்றான். ஊர் கை தட்டியது, அவன் பெண்டாட்டி முன்னால் வராததை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் அவன் மூன்றரைக்கே வந்துவிட்டான். முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, அவனே டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்து, எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு அடிக்கட்டும். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பேசிடலாம். முதல்ல..." என்று ஆரம்பித்தான். நாலு அடித்தது.

அவள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கும் போகவில்லை. நாய்கள் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுத் தாங்களாகவே போய்விட்டன. ஐந்து அடித்தபோது அவன் வாக்கியத்தின் மீதியைச் சொல்ல வாயைத் திறந்தவன், சுவரில் நிழல் இடம் மாறியிருப்பதைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்:

"நான் இருந்தேனா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருந்தீங்க" என்றாள்.

அவன் அதற்கு ஆதாரம் கேட்கவில்லை. என்ன பேசினோம் என்று மட்டும் கேட்டான். அவள் சொன்னாள். சமையலறைக்குப் பிந்திப் போனதற்கு அன்றைக்கு அவன் பேச்சு வாங்கினான். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு அவன் கேட்பதும் அவள் சொல்வதும் வழக்கமாயிற்று. ஆற்றங்கரைக்குப் போனோம், நீங்கள் வழுக்கி விழுந்தீர்கள் என்பாள், அவன் முழங்காலைத் தடவிக்கொள்வான். சண்டை போட்டோம் என்றால் மன்னிப்புக் கேட்பான். இப்போது இருவருக்குமே தலை முழுக்க வெள்ளை. நாலு அடிக்கச் சற்று முன்னால் அவன், "இன்னைக்கு எங்க போலாம்?" என்று கேட்கிறான். அவள் ஒரு இடம் சொல்கிறாள். அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நிற்கிறான்.