பின்பக்கத்து வாசல்

அந்தக் கட்டடத்தின் மாடிப்படி வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முன்கதவால் உள்ளே வருகிறவருக்கு முதலில் தெரிவது படிகளின் அடிப்பக்கம்தான். மேலே போக வேண்டுமென்றால் அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், பிறகு வீதியைப் பார்த்தபடி ஏற வேண்டும்.

"கட்டினவருக்கு மண்டைக்குள்ள விசரோ தெரியா," என்றாள் தனுஷா.

மட்டக்களப்பு நகரில், விக்டோரியா மகாராணி காலத்தில் எழும்பிய இரண்டு தட்டுக் கடை அது. மேல்மாடியில் வளைவு ஜன்னல்கள், கூரை விளிம்பில் பின்னல் போல வெட்டிய மரவேலை. துணிக்கடையாக இருந்து, சைக்கிள் கடையாகி, கடைசியில் பூட்டிக் கிடந்தது. மாமாவின் வழியாக அது களுதாவளையில் இருந்த தனுஷாவுக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் கேக் அடித்து விற்றுக்கொண்டிருந்தவளுக்கு, அங்கே ஒரு பேக்கரி போட ஆசை. திருத்தவேலைக்குப் படம் கீறித் தரக் காத்தான்குடியிலிருந்து முப்லிஹா வந்திருந்தாள். தனியாகக் கையேற்ற முதல் வேலை.

"படியை உடைச்சுத் திருப்பி வைக்கலாம்தானே, தங்கச்சி?"

"வைக்கலாம் அக்கா. ஆனா ஏன் இப்பிடி வச்சாங்க எண்டு தெரியாம உடைக்க மனசு வருகுதில்ல."

கூடத்தின் நடுவில் வார்ப்பிரும்புத் தூண்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் பெயின்ற் உரிந்த இடத்தில் ஓர் எழுத்து புடைத்துத் தெரிந்தது. முப்லிஹா கதவுத் திறப்பின் நுனியால் சுரண்டினாள். கிளாஸ்கோ என்று ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் வந்தது. அடுத்த தூணையும் சுரண்டினாள். அதிலும் அதே பெயர். எல்லாத் தூண்களிலும் அந்த எழுத்து பின்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"தூணை மாறி நட்டிட்டாங்க போல," என்றான் மேசன் வினோஜன்.

"ஒண்டை மாறி நடலாம். எல்லாத்தையுமா?" என்றாள் முப்லிஹா.

அன்று வீட்டுக்குப் போயும் அந்த யோசனை அவளை விடவில்லை. சோறு பிசைந்த கை பாதியில் நின்றது. மறுநாள் வந்ததும் விளக்கம் சொன்னாள். முதலாளியின் அறை பின்னால் இருந்திருக்க வேண்டும். அங்கிருந்தபடியே அவர் படியையும் தூணையும் கண்ணால் பார்த்துக்கொள்ளத்தான் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. தனுஷாவும் தலையாட்டினாள். ஆனால் தரை முழுக்கக் கூட்டித் துடைத்துப் பார்த்தபோது, அறை இருந்ததற்கான சுவரடி எங்குமே இல்லை. முப்லிஹாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"சரி, அது இல்ல," என்றாள். "வேற என்னவோ இரிக்கி."

அதற்குள் பின்வளவில் வேலை தொடங்கிவிட்டது. கட்டடத்துக்கும் பின்னால் கிடந்த வாவி நீருக்கும் நடுவே கொஞ்சம் மண்தரை இருந்தது. அதில்தான் மலசலகூடக் குழி வெட்டுவதாக ஏற்பாடு. அடுத்த நாள் காலையில் வினோஜன் அலவாங்குக் கம்பியால் குத்தியதும் மண்ணுக்குள்ளிருந்து 'டங்' என்று கேட்டது. கொஞ்சம் தள்ளிக் குத்தினான். அங்கும் டங்.

"அக்கா, அடியில கல்லுக் கிடக்கு. உடைக்கட்டா?"

"பொறு, பொறு!" முப்லிஹா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

மண்வெட்டியை வைத்துவிட்டு மூவரும் கையால் மண்ணை விலக்கினார்கள். விளிம்பு மழுங்கிய கருங்கல் ஒன்று வந்தது. அதற்குக் கீழே, வாவிப் பக்கமாக, இன்னொன்று; பிறகு இன்னும் சில. நடுவில் எல்லாக் கல்லும் தேய்ந்து குழிந்திருந்தன. பல கால்கள் ஏறி இறங்கிய தேய்வு.

"படிக்கட்டு," என்றாள் தனுஷா மெதுவாக. "தண்ணிக்குப் போகுது."

முப்லிஹா திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். படிக்கு நேரே சுவரில் சீமெந்துப் பூச்சு மட்டும் வேறு நிறமாக இருந்தது. வினோஜன் உளியால் தட்ட, பூச்சு பாளம்பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல் வளைவு. முன்வாசல் வளைவைவிட அகலம். உச்சியில் பூவேலை வேறு. கீழே அடைத்திருந்ததெல்லாம் பிற்காலத்துச் சீமெந்துக் கல்.

"இதுதான் அக்கா முன்வாசல்!" முப்லிஹாவின் குரல் உயர்ந்துவிட்டது. "வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரை ஆக்களெல்லாம் தோணியில வந்து இதால ஏறியிருப்பாங்க. கால் வைக்கக்குள்ளயே மாடிப்படியும் தூணில எழுத்தும் நேர தெரியும். நாமதான் இவ்வளவு நாளும் பின்கதவால வந்து போயிரிக்கம்!"

தனுஷா படிக்குத் திரும்பினாள். கல்லில் குந்தியிருந்து உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். உடைக்கச் சொல்லிவிடுவாளோ என்று முப்லிஹாவுக்குப் பயம் வந்தது. குழி வெட்ட வேறு இடம் கிடையாது, வலப்பக்கத்து ஒடுங்கிய நிலத்துண்டைத் தவிர. அதில்தான் தனுஷா தன் வேனை நிறுத்த நினைத்திருந்தாள்.

"குழியைப் பக்கத்தில வெட்டு, வினோஜன்," என்றாள் தனுஷா எழுந்து. "வேனை றோட்டில விடுவம். இந்தக் கதவைத் திற."

வளைவை அடைத்திருந்த கற்களை மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பாதி திறந்ததுமே வாவிக் காற்று உள்ளே பாய்ந்தது. சைக்கிள் கடைக்காலத்துத் தூசி சுழன்று வீதிப் பக்கம் ஓடியது. மத்தியானம் சாய்ந்தபோது வெயில் வளைவால் நுழைந்து, தூண்களைத் தாண்டி, மாடிப்படியின் முதல் பலகையில் விழுந்தது. தனுஷா அந்தப் பலகையில் போய் உட்கார்ந்தாள்.

"எப்ப, யார் மூடினது?" என்று கேட்டாள்.

"தெரியாது. பாலம் வந்து தோணி குறைஞ்ச பிறகாக இரிக்கலாம். இதுவும் என்ட ஊகம்தான்," என்று சிரித்தாள் முப்லிஹா. "நேத்து சொன்னது போல பிழைச்சாலும் பிழைக்கும்."

வினோஜனின் வேலைக்காரர்கள் மீதி மண்ணையும் அள்ளி முடித்திருந்தார்கள். கற்படிகள் வாவியின் விளிம்பு வரை இறங்கி, பிறகு கலங்கல் நீருக்குள் மறைந்தன. முப்லிஹா செருப்பைக் கழற்றினாள். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கடைசியாகத் தெரிந்த கல்லில் இறங்கி, நீருக்குள் காலால் துழாவினாள்.

"கவனம், தங்கச்சி! வழுக்கும்!"

பெருவிரல் எதிலோ தட்டியது. அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

"அக்கா, இன்னொண்டு இரிக்கி!"

தனுஷா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.