காது நுனியில் ஒரு சொட்டு

"முதலாளி, மழை வர்ற மாதிரி இருக்கு. குடையை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே அவள் சொன்னாள். முதலாளி என்பது அந்த வீட்டுப் பூனை. எல்லாரையும் வேலை வாங்கிக்கொண்டு, தான் மட்டும் ஒரு வேலையும் செய்யாததால் வந்த பெயர்.

"குடை வண்டியிலயே கிடக்குன்னு சொல்லிடு, முதலாளி" என்றார் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், வாசலில் ஷூவை மாட்டியபடி.

பூனை இருவரையும் பார்த்துவிட்டு மேசைக்கடியில் போய்ப் படுத்தது. கதவு சாத்தப்பட்டது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஒரு வாரத்துக்கு மேலாகவே அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் நடந்தது. அவருடைய அக்கா வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தபோது, "இவகிட்ட பிள்ளைக்கு அளவு கொடுத்தா, அது கல்யாணத்துக்குத்தான் சட்டை கிடைக்கும்" என்று அவர் ஒரு போடு போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். என்னவென்று அவர் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தார். அவராகக் கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். இருவருமே பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

முதலாளிக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் வீட்டிலேயே சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும் என்று கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இங்க வந்தா நாய் சத்தத்துக்குப் பயந்தே இவனுக்குச் சர்க்கரை ஏறிடும். அதை நம்ப முடியாது. வீட்டுல பார்க்கிறதுதான் நிஜம்."

அது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. அவர் பழைய துண்டில் பூனையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியால் காதைச் சூடாக்குவார். சூடானால்தான் காது விளிம்பில் ரத்தம் இறங்கும். ஊசி பிடித்துப் பழகிய கை அவளுடையது. நுனியில் ஒரே குத்து. ஊறிவரும் சொட்டைச் சோதனைப் பட்டையில் தொட்டால் மீட்டரில் எண் வந்துவிடும்.

பேச்சு நின்றதும் அந்த வேலையும் நின்றுபோனது. இன்சுலின் ஊசியை மட்டும் ஒரு ஆளே போட்டுவிடலாம். காலை ஊசி அவள், மாலை ஊசி அவர் என்று பேசாமலேயே ஓர் ஏற்பாடு உண்டானது. பழைய அளவையே கண்ணை மூடிக்கொண்டு போட்டுவந்தார்கள்.

அன்று காலை, அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பு, வானம் இருட்டியதால் அவள் துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். தன் காலைச் சுற்றி வந்து கத்திய பூனையைப் பார்த்து, அவள் ஊசியை மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்தார் அவர். 'எனக்கும் அக்கறை இருக்கு' என்று காட்டிக்கொள்வதுபோல ஒரு ஊசியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அவள் இறங்கி வந்து, எப்போதும்போல ஒன்று போட்டாள். ஒரே ஒரு வார்த்தை போதும், அந்த இரண்டாவது ஊசி நின்றிருக்கும்.

மழை பிடித்துக்கொண்டது. அவளுக்குத் தையலில் மனம் செல்லவில்லை. ஒரே ஓரத்தை இரண்டு முறை பிரித்தாள். எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். மறுபடி திறந்தாள். அப்போதுதான் மேசைக்கடியிலிருந்து முதலாளி வெளியே வந்தது. நாலடி வைப்பதற்குள் பின்னங்கால்கள் வழுக்கின. நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு அப்படியே சரிந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"சர்க்கரை எவ்வளவும்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பார்க்கலைங்க. ஒரு வாரத்துக்கு மேலயே பார்க்கலை."

"ஏன்?"

அவள் பூனையின் வாயோர எச்சிலை முந்தானையால் துடைத்தாள்.

"சரி, முதல்ல ஈறுல தேனைத் தடவுங்க. முடிஞ்சா சர்க்கரை பாருங்க. உடனே கிளம்பி வாங்க. வேற யாராவது ஊசி போட்டாங்களான்னு வீட்டுல கேட்டுச் சொல்லுங்க. அது தெரிஞ்சாத்தான் நான் சரியா வைத்தியம் பண்ண முடியும்."

தேனைத் தடவிவிட்டுக் காதைக் குத்தினாள். ரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினாள். காது குளிர்ந்து கிடந்தது. டாக்டரம்மா கேட்கச் சொன்ன வீட்டில் அவளைத் தவிர இருந்தவர் ஒரே ஒருவர்தான். போனில் அவர் எண்ணை எடுத்தாள்; விரல் அப்படியே நின்றது. முதலில் பேசினால் தோற்றுப்போவோமா? பூனையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அழுத்திவிட்டாள்.

"என்னங்க."

மறுமுனையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

"காலைல முதலாளிக்கு ஊசி போட்டீங்களா?"

"போட்டேனே. நீ மாடில இருந்த. மறந்துட்டியோன்னு..."

"நானும் போட்டுட்டேன்."

இரும்பு உரசும் சத்தம் சட்டென்று நின்றது.

"கீழ விழுந்து கிடக்குங்க. டாக்டரம்மா சொல்லித் தேன் தடவிட்டேன். காதுல ரத்தமே வர மாட்டேங்குது."

"பதறாத. போனை ஸ்பீக்கர்ல போடு. வெந்நீர் இருக்கா? துணியை நல்லாப் பிழி, ஈரம் சொட்டக் கூடாது. காதை ரெண்டு பக்கமும் பொத்திப் பிடி. தேய்க்காத. இன்னும் கொஞ்சம் பிடி... காது லேசா செவக்கும் பாரு."

"செவக்குது."

"இப்பக் குத்து. அது உன் வேலை, எனக்குத் தெரியாது."

ஒரு சொட்டு ஊறி வந்தது. பட்டையில் தொட்டாள். "முப்பத்தொண்ணுங்க" என்றாள். எப்போதும் நூற்றைம்பதுக்கு மேல் நிற்பது.

"தேனை இன்னும் கொஞ்சம் தடவி, முதலாளியைக் கூடைல போட்டுக் கிளம்பு. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்."

அவர் வந்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். குடை வண்டியில்தான் இருந்தது; எடுக்கத் தோன்றவில்லை. உள்ளே பூனைக்குக் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருவருக்கும் நடுவே காலிக் கூடை. அவர் எழுந்து கண்ணாடிக் கதவு வரை நடந்து திரும்பினார். மறுபடி நடந்தார். அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். "தலையைத் தூக்கிட்டான். என்னைப் பார்த்துச் சீறவும் செஞ்சிட்டான். பிழைச்சுக்குவான்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரே வீட்டுல இருக்கீங்க. ரெண்டு பேரும் ஊசி போட்டது எப்படி ரெண்டு பேருக்கும் தெரியாமப் போச்சு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பேச்சுவார்த்தை இல்லைங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மா உள்ளே கை காட்டினார். "உள்ள இருக்கிறது வாயில்லாப் பிராணி. தனக்கு என்ன பண்ணுதுன்னு அதால சொல்ல முடியாது. அதனாலதான் அது காதைக் குத்தி ரத்தம் எடுத்துத் தெரிஞ்சுக்கறோம். உங்களுக்கு வாய் இருக்கே. உங்களையும் குத்தியா பார்க்கணும்?"

மறுநாள் மாலை முதலாளி வீடு திரும்பியது. அவர் துண்டை விரித்தார். அவள் வெந்நீர் கொண்டுவந்தாள். காது சூடாகும்வரை எப்போதும் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அவர் கேட்டார்.

"அன்னைக்கு அக்கா வீட்டுல இருந்து வந்ததிலிருந்துதானே? என்ன கோவம்?"

"என் தையலை வச்சு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க."

"நீயும்தானே சிரிச்ச?"

"வேற என்ன பண்றது? அழுதிருந்தா அதுக்கும் சிரிச்சிருப்பாங்க."

அவர் கை பூனையின் காதிலேயே இருந்தது. "எனக்கு உறைக்கலை. தப்புதான். வீட்டுக்கு வந்ததும் நானே கேட்டிருக்கணும்."

"நானும் சொல்லியிருக்கணும்." அவள் காது நுனியைக் குத்தினாள். சொட்டு வந்தது. எண்ணைப் படித்து அவரிடம் உரக்கச் சொன்னாள். அவரும் ஒருமுறை திருப்பிச் சொன்னார்.

"கோவம் வந்தா வரட்டுங்க" என்றாள், ஊசியை மூடியபடி. "கோவத்தோடயே பேசிக்கலாம், சண்டைகூடப் போடலாம். ஒரு வீட்டுல பேசாம இருக்கிறது ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும் நிக்கறதில்லை. நம்மளை நம்பி இருக்கிற ஜீவன் மேலதான் போய் விழுது."