இன்னிக்கு மட்டும் ஃப்ரீ

டெய்லருக்கு உறவுக்குள் 'ஓசி' என்று பெயர். மச்சினன் முதல் மாமியார் வரை முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்பவள் அவர் பெண்டாட்டி ஒருத்திதான். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிக்கிற மனிதர். காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு எதையாவது ஒருநாள் சும்மா தருகிறார்கள் என்றால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். பழம் வெட்டுவது, குமிழி உடைப்பது, பாம்பு வளர்ப்பது எல்லாம் போனில் இருந்தன. ஆடுகிறாரோ இல்லையோ, இறக்கி வைத்துக்கொள்வார்.

அன்று மத்தியானம் சிக்கியது 'விளக்கு வீடு'. ஒரே நிறக் கண்ணாடிகளைச் சேர்த்தால் ஜன்னலில் விளக்கு எரியும், அவ்வளவுதான். மைக், படங்கள் என்று அது கேட்டதற்கெல்லாம் கொசு அடிக்கிற வேகத்தில் 'அனுமதி'யை அமுக்கினார். ஒன்றுதான் ஆச்சரியம். இந்த மாதிரி விளையாட்டுகளில் வரும் தமிழ் பல்லை உடைக்கும். இது வீட்டு மனுஷரைப் போலப் பேசியது.

"உயிர் தீர்ந்துபோச்சு. பக்கத்துல யார்கிட்டயாவது கேளுங்க."

"இந்தா, எனக்கு ஒரு உயிர் குடேன்" என்றார்.

அடுத்த மெஷினில் வெள்ளைத் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த பெண்டாட்டி நிமிரவில்லை. "தினமும் அதைத்தானே வாங்கிட்டிருக்கீங்க? எடுத்துத் தொலைங்க."

போன் 'டிங்' என்றது. "வாங்கிக்கிட்டோம்."

ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு தையல் மெஷின். அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இந்த விளையாட்டைச் செய்த பயல் நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்து மெஷின் சட்டென்று நின்றது. ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்திருந்தது. அவள் கத்தவில்லை. யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வலிக்கலைங்க."

சக்கரத்தைத் திருப்பி ஊசியை எடுத்தார். விரலில் ஓட்டை இருந்தது, ரத்தம் இல்லை. வெள்ளைத் துணியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. மணிக்கட்டைப் பிடித்தார். சில்லென்றிருந்தது. எங்கே அழுத்தியும் நாடி கிடைக்கவில்லை.

"என்ன அப்படி முழிக்கிறீங்க? துணியை விடுங்க, வேலை கிடக்கு" என்று அவள் மறுபடி தைக்க உட்கார்ந்தாள்.

அவர் போனைப் பாய்ந்து எடுத்தார். விளையாட்டை அழிக்கப் போனார். "அழிச்சா உள்ளே இருக்கற உயிரும் போயிடும். பரவாயில்லையா?" என்றது திரை. தணலில் பட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டார்.

"அவளை விட்டுடு" என்று போனுக்குள் கிசுகிசுத்தார்.

"ஒண்ணை விடணும்னா இன்னொண்ணு வைங்க."

"என்னோடதை எடுத்துக்கோ."

"உங்களோடது 'அனுமதி' குடுத்தப்பவே வந்துடுச்சு."

குண்டூசியை எடுத்துத் தன் கட்டைவிரலில் குத்திப் பார்த்தார். காய்ந்த மரக்கட்டையில் குத்திய மாதிரி இருந்தது. தனக்கென்று பயம்கூட வரவில்லை. அவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற ஒரே பயம்தான் இருந்தது.

அப்போதுதான் நர்ஸம்மா கடைக்குள் வந்தாள்.

அவளுடைய சீருடை தைத்து, இஸ்திரி போட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு துணி மூடியிருந்ததால் அவள் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு தடவை இழுத்தடிக்கும்போதும் அவள் என்ன சொல்வாள் என்று டெய்லருக்கு மனப்பாடம்.

"நாளைக்கு வாங்கம்மா" என்றார்.

"அதான் தச்சு வச்ச..." என்று ஆரம்பித்த பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். அவள் மறுபடி துணிக்குக் குனிந்தாள்.

"நாளைக்கு, நாளைக்குன்னே சொல்றீங்களேண்ணா. எனக்கு டியூட்டி இருக்கு."

"பட்டன் வைக்கணும். நாளைக்கு வாங்க."

"போன வாரமும் இதே பட்டன்தானே?"

போனைக் கையில் எடுத்து அவள் பக்கமாக நீட்டிப் பிடித்தார். "இல்லன்னா நாளன்னிக்கு வாங்க."

"ஐயோ, ஒரு சட்டைக்கு இப்படி உயிரை எடுக்கிறீங்களே! எடுத்துக்கோங்க, இந்தாங்க, எடுத்துக்கோங்க!"

'டிங்.'

"ஆ... அம்மா!" பெண்டாட்டி விரலை உதறினாள். வெள்ளைத் துணியில் சிவப்பு தெறித்தது. சொட்டுச் சொட்டாக, சூடாக, நிற்காமல் வந்தது. டெய்லர் அந்தக் கையை வாரி நெஞ்சோடு வைத்துக்கொண்டு விசும்பினார். அவ்வளவு சந்தோஷம் அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

நர்ஸம்மா பதறி, பையிலிருந்து பஞ்சு எடுத்து அழுத்தி, கச்சிதமாகக் கட்டுப் போட்டுவிட்டாள். "கையை உசத்தியே வச்சிருங்கக்கா. ஊசி போட்டுக்கணும், மறந்துடாதீங்க."

டெய்லர் மூடியிருந்த துணியை விலக்கினார். சீருடையை மடித்துக் கொடுத்தார். அவள் பர்ஸைத் திறந்தாள்.

"காசு வேண்டாம்மா" என்றார், தலை நிமிராமல். "இன்னிக்கு ஃப்ரீ."

"ஓசியா? நீங்களா?" சிரித்துக்கொண்டே வாங்கினாள். மடிப்பில் எடுக்க மறந்த குண்டூசி ஒன்று அவள் உள்ளங்கையில் முழுசாக இறங்கியது. அதைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள்.

"பாருங்க, குத்தினதே தெரியல" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாள்.